உப்பு தின்ற பிணம்

1

‘நடைப்பிணம்’ என்கிற சொல்லைத் தமிழில் வசைக்கும் இரக்கத்துக்கும் ஒருசேரப் பயன்படுத்துகிறோம். வேலை பறிபோனவன், பிள்ளையைப் பறிகொடுத்தவள், குடித்துக் குடித்து ஓய்ந்துபோனவன் என்று யாரையும் ‘நடைப்பிணமா ஆயிட்டாங்க’ என்று சொல்லிவிடலாம். ஆனால் நம்முடைய பேய்க் கதைகளில் நடைப்பிணத்துக்கு இடமில்லை. நம் பேய் உடலை இழந்த உயிர். இன்னொரு உடம்பைத் தேடி அலையும், பிடிக்கும், ஆடும், ஏசும், தான் இன்னாரென்று சொல்லும். கேட்டதைக் கொடுத்தால் விலகிப் போகும். பிணத்துக்குள் புகுந்திருக்கிற வேதாளம்கூட விக்கிரமாதித்தனுக்குக் கதை சொல்கிறது, கேள்வி கேட்கிறது, பதில் வராவிட்டால் தலை வெடிக்கும் என்று மிரட்டுகிறது. ஸோம்பி இதற்கு நேர் எதிர். அது உயிரை இழந்த உடல். அதற்குப் பேச்சு இல்லை, பெயர் இல்லை, பழி தீர்க்க வேண்டிய கணக்கு இல்லை. பேயிடம் நியாயம் பேசலாம். ஸோம்பியிடம் என்னத்தைப் பேசுவது?

இந்தக் கட்டுரை அந்த வாயில்லாத உடல்களைப் பற்றியது. குறிப்பாக, 1967ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், அதுவரை முழுநீளப் படம் எதையும் எடுத்து முடித்திராத சிலர் கைக்காசைப் போட்டு எடுத்த ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ என்கிற கறுப்பு வெள்ளைப் படத்தைப் பற்றியது. “பிணம் மனுசனைத் தின்கிற படத்தில் என்னய்யா அரசியல் வேண்டிக்கிடக்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. அதே படத்தை ‘மாபெரும் கலகப் பிரதி’ என்று இரண்டு வரியில் தூக்கிவைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறவர்களும் உண்டு. இரண்டு தரப்புமே தவிர்த்துவிடுகிற கேள்விகள் சில இருக்கின்றன. இந்தப் பிணங்கள் எங்கிருந்து நடந்து வந்தன? யாருடைய பயத்தை யார் திரையில் போட்டார்கள்? கூலி யாருக்குப் போயிற்று?

2

ஸோம்பி பிறந்த இடம் கரும்புத் தோட்டம். கரீபியக் கடலில் இன்று ஹெய்ட்டி என்றழைக்கப்படும் நாடு பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களின் காலனி. ஐரோப்பா தேநீரிலும் காப்பியிலும் கரைத்துக் குடித்த சர்க்கரையின் பெரும்பங்கு அங்கிருந்து போனது. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட அடிமைகள் சில ஆண்டுகள்கூடத் தாக்குப்பிடிக்காமல் செத்து விழுந்தார்கள். செத்தவர்களின் இடத்துக்கு அடுத்த கப்பலில் ஆள் வந்தது. இந்தத் தோட்டங்களில்தான் 1791ல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1804ல் அது சுதந்திர நாடாக முடிந்தது.

அடிமைக்குச் சாவு ஒரு வாசல். செத்தால் கடல்தாண்டி முன்னோர்களின் ஆப்பிரிக்காவுக்கு, ‘கினே’வுக்குத் திரும்பிவிடலாம் என்பது நம்பிக்கை. ஸோம்பி என்கிற கற்பனை அந்த ஒரு வாசலையும் அடைத்துவிடுகிறது. போகோர் எனப்படும் மந்திரவாதி பிணத்தைக் குழியிலிருந்து எழுப்பி, சிந்தை இல்லாத வேலையாளாக ஆக்கிவிடுகிறான். செத்தும் விடுமுறை கிடையாது. ஓர் அடிமைக்கு இதைவிடக் கொடிய நரகத்தை எந்தப் புராணமும் கற்பித்துவிட முடியாது. இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஹெய்ட்டி விவசாயி ஸோம்பி தன்னைத் தின்றுவிடுமோ என்று பயப்படவில்லை. தான் ஸோம்பி ஆகிவிடுவோமோ என்றுதான் பயந்தான். அடிமை முறையை ஆராய்ந்த ஆர்லாண்டோ பேட்டர்சன் 1982ல் வெளிவந்த தன் நூலில் அடிமைத்தனத்தை ‘சமூக மரணம்’ என்று வரையறுத்தார். உறவுமுறையும் குலப்பெயரும் பறிக்கப்பட்டு, உயிரோடு இருந்தும் சமூகத்தின் கணக்கில் செத்தவனாக இருப்பது. அவர் கோட்பாடாகச் சொன்னதை அந்த விவசாயிகள் அதற்கு வெகுகாலம் முன்பே கதையாகச் சொல்லி வைத்திருந்தார்கள்.

1915ல் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் ஹெய்ட்டியில் இறங்கினார்கள். 1934வரை அந்த ஆக்கிரமிப்பு நீடித்தது. ஹெய்ட்டியின் பழைய சட்டமொன்றைத் தூசிதட்டி எடுத்து, விவசாயிகளைப் பிடித்துக்கொண்டு போய்ச் சாலை போட வைத்தார்கள். நம் ஊரில் ‘வெட்டி’ என்று சொன்னோமே, அதேதான். எதிர்த்துப் போராடியவர்களுக்குத் தலைமை தாங்கிய ஷார்லமாஞ் பெரால்ட்டை 1919ல் கொன்றார்கள். கொன்றதோடு விடவில்லை. பிணத்தைக் கதவில் கட்டி நிமிர்த்தி நிறுத்திப் படம் பிடித்து, பிரதி எடுத்து நாடெங்கும் பரப்பினார்கள். ‘உங்கள் ஆள் செத்துவிட்டான்’ என்று காட்டுவது நோக்கம். ஜனங்கள் கண்ணுக்கு அதில் சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்து தெரிந்தார். பின்னாளில் ஃபிலோமே ஓபின் என்ற ஹெய்ட்டி ஓவியர் அதைச் சிலுவைப்பாடாகவே தீட்டினார். பிணத்தின் புகைப்படம் எடுத்தவன் பேச்சைக் கேட்பதில்லை என்பதற்கு இது ஓர் உதாரணம். இந்தப் புகைப்படத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக்கிரமிப்புக் காலத்தில் அங்கே போன வில்லியம் சீப்ரூக் என்ற அமெரிக்கப் பயண எழுத்தாளர் 1929ல் வெளியிட்ட ‘த மேஜிக் ஐலண்ட்’ என்ற புத்தகம்தான் ஸோம்பியை அமெரிக்க வாசகர்களிடையே பிரபலமாக்கியது. காலனிய எழுத்துக்கே உரிய கிளுகிளுப்பும் இளக்காரமும் நிறைந்த புத்தகம். ஆனாலும் அதில் உள்ளூர்க்காரர் ஒருவர் சொன்னதாக வருகிற கதை நாம் காது கொடுத்துக் கேட்க வேண்டியது. ஒரு கங்காணி கந்தல் உடுத்திய மௌனமான ஆட்களின் கூட்டமொன்றை அமெரிக்கச் சர்க்கரைக் கம்பெனியின் கரும்புக்காட்டு வேலைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறான். வேலை செய்வது பிணங்கள். வார முடிவில் கூலியை எண்ணி வாங்குவது கங்காணி. பிணங்களுக்குக் கொடுக்கிற சாப்பாட்டில் உப்பு மட்டும் சேரக்கூடாது. ஒரு திருவிழா நாளில் கங்காணியின் மனைவி பாவப்பட்டு அவர்களை ஊருக்குக் கூட்டிப் போய் மிட்டாய் வாங்கித் தருகிறாள். மிட்டாயில் இருந்த கொட்டைப் பருப்பில் உப்பு. நாக்கில் உப்புப் பட்டதும் தாங்கள் செத்தவர்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. எழுந்து, யார் தடுத்தும் நிற்காமல், மலையிலிருக்கிற தங்கள் ஊரின் இடுகாட்டைப் பார்க்க நடக்கிறார்கள்.

‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பது நம் பழமொழி. நம்மிடம் உப்பு என்பது எஜமானுக்குப் பட்ட கடன். உப்பு தின்றவன் விசுவாசமாக இருக்க வேண்டும். ஹெய்ட்டியில் உப்பு தின்றவன் வேலையைப் போட்டுவிட்டுப் போகிறான். நம் பழமொழியைச் சொன்னவர் கையில் உப்புப் பானை இருந்திருக்கிறது. அவர்கள் கதையைச் சொன்னவர்கள் கையில் வெட்டுக்கத்தியும் கரும்பும்தான் இருந்தன.

3

சீப்ரூக்கின் புத்தகம் வந்து மூன்றே ஆண்டில், 1932ல், ஹாலிவுட்டில் ‘ஒயிட் ஸோம்பி’ வந்தது. இதுவும் குறைந்த செலவுப் படம்தான். வேறு படங்களுக்குப் போட்ட அரங்குகளை வாடகைக்கு எடுத்துச் சில நாட்களில் எடுத்து முடித்தார்கள். டிராகுலாவாக நடித்துப் பெயர்பெற்ற பெலா லுகோசி இதில் சர்க்கரை ஆலை முதலாளி. அவனுடைய ஆலையில் ஸோம்பிகள் செக்கு மாடுகளைப் போலச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் கால் தவறி இயந்திரத்துக்குள் விழுகிறான். மற்றவர்கள் நிற்காமல் சுற்றுகிறார்கள். ஆலையின் கிறீச்சொலி மட்டும் கேட்கிறது. மூலதனத்தைச் செத்துப்போன உழைப்பு என்றும், உயிருள்ள உழைப்பை உறிஞ்சித்தான் அது வாழ்கிறது என்றும் மார்க்ஸ் உருவகித்தாரே, அதை யாரும் திட்டமிடாமலே படமாக்கிவிட்டார்கள்.

ஆனால் படத்துக்கு அந்தத் தொழிலாளர்கள் மேல் கவலை கிடையாது. படத்தின் முழுக் கவலையும் ஸோம்பியாக்கப்பட்ட ஒரு வெள்ளைக்காரப் புதுப்பெண்ணைப் பற்றியது. தலைப்பைப் பாருங்கள், ‘வெள்ளை ஸோம்பி’. கறுப்பர்கள் ஸோம்பியாக இருப்பது இயற்கை, வெள்ளைக்காரி ஆனால்தான் கொடுமை. அடிமையின் பயம் இங்கே எஜமானின் பயமாகக் கைமாறிவிட்டது. இனிமேல் கேள்வி ‘நான் அப்படி ஆகிவிடுவேனா’ என்பது அல்ல, ‘அவர்கள் நம்மிடம் வந்துவிடுவார்களா’ என்பதுதான். ஸோம்பிப் படங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்விக்குள்தான் இன்றுவரை சுற்றுகின்றன.

4

பிட்ஸ்பர்க் எஃகு நகரம். ஹாலிவுட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அங்கே ஜார்ஜ் ரொமேரோ, ரஸல் ஸ்ட்ரைனர், ஜான் ரஸ்ஸோ முதலிய இளைஞர்கள் ‘லேடன்ட் இமேஜ்’ என்ற சிறு கம்பெனியில் விளம்பரப் படங்களும் தொழிற்சாலைகளுக்கான படங்களும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய படம் எடுக்க ஆசை, கையில் பணமில்லை. பத்துப் பேர் சேர்ந்து ஆளுக்கு 600 டாலர் போட்டார்கள், ஆக 6,000 டாலர். பத்துப் பேர் என்பதால் கூட்டமைப்புக்குப் பெயர் ‘இமேஜ் டென்’. எடுத்த காட்சிகளைக் காட்டிக் காட்டி மேற்கொண்டு பணம் திரட்டினார்கள். மொத்தச் செலவு கடைசியில் சுமார் 1,14,000 டாலர். ஹாலிவுட் கணக்கில் சில்லறைக் காசு. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, அடுத்த இதழ் வருமா வராதா என்று தெரியாமல் பத்திரிகை நடத்திப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

பிட்ஸ்பர்க்குக்கு வடக்கே ஐம்பது கிலோமீட்டர் தள்ளி எவன்ஸ் சிட்டி என்ற சிற்றூர். அங்கே இடிக்கப்போகிற ஒரு பண்ணை வீடு கிடைத்தது. இடிக்கிற வீடு என்பதால் சுவரில் ஆணி அடிக்கலாம், கதவை உடைக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். குழாயில் தண்ணீர் கிடையாது. சிலர் ராத்திரி அங்கேயே படுத்துக்கொண்டார்கள். 1967 ஜூனில் தொடங்கி டிசம்பர்வரை, பிழைப்புக்கான விளம்பர வேலை வரும்போது நிறுத்தி, முடியும்போது மறுபடி தொடங்கி எடுத்தார்கள். இரத்தத்துக்குச் சாக்லேட் பாகு. கறுப்பு வெள்ளையில் அது போதும். பிணங்கள் தின்கிற சதைக்கும் குடலுக்கும் இறைச்சிக்கடை வைத்திருந்த ஒருவர் உதவினார். அவர் படத்திலும் தலைகாட்டினார். இசை, கம்பெனிகள் வாடகைக்கு விடுகிற ஆயத்த ஒலிநாடாக்களிலிருந்து எடுத்து ஒட்டியது. கல்லறையில் வருகிற கார், படக்குழுவில் ஒருவருடைய அம்மாவின் கார். படப்பிடிப்புக்கு இடையில் எங்கோ மோதி அது நசுங்கிவிட்டது. உடனே கதையை மாற்றி, கார் மரத்தில் மோதுவதாகக் காட்சி வைத்துவிட்டார்கள்.

யார் யார் என்ன வேலை செய்தார்கள் என்று பாருங்கள். தயாரிப்பாளர்களில் ஒருவரான கார்ல் ஹார்ட்மன்தான் நிலவறையில் பதுங்குகிற ஹாரி கூப்பர். கடைசியில் வருகிற புகைப்படங்களை எடுத்தவரும் அவரே. கூப்பரின் மனைவியாக வரும் மேரிலின் ஈஸ்ட்மன் ஒப்பனையும் பார்த்து, பூச்சி தின்கிற பிணமாகவும் வந்து போனார். கூப்பரின் மகளாக நடித்தது ஹார்ட்மனின் சொந்த மகள். முதல் காட்சியிலேயே சாகிற அண்ணன், தயாரிப்பாளர் ஸ்ட்ரைனர். பிணங்கள் ஊர்க்காரர்களும் நண்பர்களும் விளம்பர வாடிக்கையாளர்களும். ஒப்பேற்றிய வேலைதான். ஆனால் இந்த ஒப்பேற்றல் படத்துக்கு ஒரு தோற்றத்தைக் கொடுத்தது. 1967ல் பெரிய படங்களெல்லாம் வண்ணத்துக்குப் போய்விட்டன. கறுப்பு வெள்ளையில் துகள் தெறிக்க, கேமரா தள்ளாட ஜனங்கள் பார்த்தது செய்திப் படங்களைத்தான். வியட்நாமும், நாய்களை ஏவிவிடும் போலீசும், எரிகிற நகரத் தெருக்களும் அப்படித்தான் வீட்டுக்குள் வந்தன. இந்தப் படம் பொய்ச் செய்தி போல இல்லை. செய்தியே பேய்ப்படம் ஆனது போல இருந்தது.

5

கதை எளிமையானது. விண்வெளியிலிருந்து திரும்பிய கலத்தின் கதிர்வீச்சு என்று என்னவோ ஒரு காரணம் சொல்கிறார்கள், அது முக்கியமில்லை. செத்தவர்கள் எழுந்து உயிரோடிருப்பவர்களைத் தின்கிறார்கள். ஒரு பண்ணை வீட்டில் ஏழு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களில் செயலூக்கம் உள்ளவன் பென். அந்த வேடத்தில் நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். பென்னுக்கும் கூப்பருக்கும் ஓயாத சண்டை. மேல்தளத்தைப் பலகை அடித்துக் காப்போம் என்கிறான் பென். நிலவறையில் பூட்டிக்கொள்வோம் என்கிறான் கூப்பர். வெளியே பிணங்கள் சேர்ந்து நிற்கின்றன, அவற்றுக்குள் சண்டையே இல்லை. உள்ளே ஏழு உயிர்கள் ஒரு துப்பாக்கிக்கு அடித்துக்கொள்கின்றன. தப்பிக்கப் போன இளஞ்ஜோடி வண்டியோடு எரிகிறது. கூப்பரைப் பென்னே சுடுகிறான். பெற்ற மகள் பிணமாக எழுந்து அப்பனைத் தின்று, அம்மாவைக் கொத்துக்கரண்டியால் குத்துகிறாள். கடைசியில் பென் ஒருவன்தான் மிச்சம். அவன் உயிர் பிழைப்பது எங்கே தெரியுமா? கூப்பர் சொன்ன அதே நிலவறையில்.

இந்த நுட்பத்தைப் பலர் கவனிப்பதில்லை. படம் பென்னைப் பிழையே செய்யாத வீரனாக ஆக்கவில்லை. கோழையும் குரூரனுமான வெள்ளைக்காரனின் யோசனைதான் சரியாக இருந்திருக்கிறது. விடுதலைப் படங்களில் வருகிற பத்தரைமாற்றுக் கறுப்பன் அல்ல பென். தவறு செய்கிற, கோபப்படுகிற, கொலையும் செய்கிற மனிதன். ‘நல்லவன்’ என்கிற சான்றிதழ் இல்லாமலே நம்மை அவன் பக்கம் நிற்க வைக்கிறது படம்.

விடிகிறது. ஷெரீஃபின் தலைமையில் துப்பாக்கி தூக்கிய வெள்ளைக்காரர் படை வயல்வெளியைச் சலித்துக்கொண்டு வருகிறது, கூடவே போலீஸ் நாய்கள். அவர்களுக்கு இது காலைநேர வேட்டை. சத்தம் கேட்டுப் பென் நிலவறையிலிருந்து ஏறிவந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறான். தூரத்தில் ஓர் உருவம். சுடுகிறார்கள். நெற்றியில் குண்டு. குறி தப்பவில்லையென்று பாராட்டு. அவ்வளவுதான். பிறகு படம் அசைவதை நிறுத்திவிடுகிறது. பத்திரிகையில் அச்சான மாதிரித் துகள் துகளான புகைப்படங்கள். இறைச்சிக் கொக்கிகள். பென்னின் உடலை இழுத்து, மற்றப் பிணங்களோடு விறகில் அடுக்குகிறார்கள். கல்லறைக் காட்சியில் வந்த முதல் பிணத்தின் பக்கத்தில் கிடக்கிறான். தீ.

இந்த இடத்தில்தான் ஹெய்ட்டிக் கதை திரும்பி வருகிறது. படம் முழுக்க ‘தின்றுவிடுவார்களா’ என்கிற எஜமானின் பயத்தைக் காட்டிவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் படம் அடிமையின் பயத்துக்கு மாறுகிறது. பென்னைப் பிணங்கள் தின்னவில்லை. உயிரோடிருந்த அவன் பிணமாகக் கணக்கெடுக்கப்பட்டான். உயிருள்ளவனா செத்தவனா என்று தீர்மானிக்கிற அதிகாரம் துப்பாக்கி வைத்திருப்பவனிடம் இருக்கிறது. தூரத்திலிருந்து பார்க்கிற அவன் கண்ணுக்குக் கறுப்பு உடலும் நடைப்பிணமும் ஒன்றுதான். 1919ல் கதவில் கட்டிய பெரால்ட்டின் படத்தையும் இந்தப் புகைப்படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படம் எடுத்தவர்கள் பெரால்ட்டைக் கேள்விப்பட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. கும்பலாகக் கூடி ஒருவனைக் கொன்று எரித்துப் பிணத்தோடு படம் எடுத்துக்கொள்கிற வழக்கம் அமெரிக்காவுக்குள்ளேயே இருந்தது. தபால் அட்டையாக அச்சடித்து விற்றும் இருக்கிறார்கள்.

6

“இதெல்லாம் நீங்களா வாசிக்கிறது, எடுத்தவங்க அப்படி நினைச்சாங்களா?” என்று ஒரு கேள்வி வரும். நினைக்கவில்லைதான். நடிப்புத் தேர்வில் ஜோன்ஸ் சிறப்பாகச் செய்ததால் எடுத்துக்கொண்டோம், வசனத்தில் நிறத்தைப் பற்றி எதுவும் இல்லை என்று ரொமேரோ பலமுறை சொல்லியிருக்கிறார். உண்மைதான், படத்தில் யாரும் பென்னின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. படம் எடுத்துக்கொண்டிருந்தபோதே, 1967 ஜூலையில், நியூவார்க்கும் டெட்ராய்ட்டும் எரிந்தன. டெட்ராய்ட்டில் மட்டும் 43 பேர் செத்தார்கள். 1968 ஏப்ரல் 4 அன்று, முடிந்த படத்தின் பிரதியைக் காரில் போட்டுக்கொண்டு விநியோகஸ்தரைத் தேடி நியூயார்க்குக்குப் போய்க்கொண்டிருந்தபோது, மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்ட செய்தியை வானொலியில் கேட்டார்கள். காரின் பின்பெட்டியில் இருந்த படம் அந்த ராத்திரியில் வேறொரு படமாக ஆகிவிட்டது.

ரோலான் பார்த் ‘ஆசிரியனின் மரணம்’ பற்றி எழுதியதும் 1967ல்தான். பிரதியின் அர்த்தம் எழுதியவனின் நோக்கத்தில் இல்லை என்று சொல்லிக்கொண்டு போவது நமக்கும் பழகிவிட்டது. ஆனால் ஆசிரியன் செத்தான் சரி, நடிகன்? பென் பாத்திரம் முதலில் முரட்டுப் பேச்சுப் பேசுகிற லாரி டிரைவராகத்தான் எழுதப்பட்டிருந்தது. ஜோன்ஸ் நாடகக்காரர், ஆசிரியர், நிறையப் படித்தவர். அந்தப் பேச்சு வேண்டாமென்று தன் வசனத்தைத் தானே திருத்திக்கொண்டார். திரையில் நாம் பார்க்கிற நிதானமும் கண்ணியமும் எழுத்தில் இருந்ததல்ல, அவர் உழைப்பு. ‘தற்செயலாக ஒரு கறுப்பர் கிடைத்தார், தற்செயலாக அரசியல் வந்துவிட்டது’ என்று எழுதுகிற விமர்சகர்கள் இந்த உழைப்பை மறுபடி ஒருமுறை பிணமாக்குகிறார்கள். 1988ல் அவர் மறையும்வரை, நாடகத்தில் அவ்வளவு செய்தும், கேட்டவர்களெல்லாம் இந்தப் படத்தைப் பற்றியே கேட்டார்கள்.

ராபின் வுட் 1970களின் இறுதியில் அமெரிக்கத் திகில் படத்தைப் பற்றி எழுதும்போது, சமூகம் எதை அமுக்கி வைக்கிறதோ அதுவே அரக்கனாகத் திரும்பி வருகிறது என்று வாதிட்டார். பெண், தொழிலாளி, பிற இனம், பிற பண்பாடு என்று அமுக்கப்பட்டவர்களின் பட்டியல் நீளம். இந்தப் படத்தில் அமுக்கப்பட்ட பெண் எங்கே திரும்பி வருகிறாள் என்று தேடினால் ஏமாற்றம்தான். அண்ணன் செத்ததும் பார்பரா வாயடைத்துச் சோபாவில் உட்கார்ந்துவிடுகிறாள். பென் அவளை அறைகிறான். உயிரோடிருப்பவர்களில் முதல் ஸோம்பி அவள்தான். ரொமேரோவே திரைக்கதை எழுதி டாம் சவீனி இயக்கிய 1990ம் ஆண்டு மறுஆக்கத்தில் அவள் கையில் துப்பாக்கி வந்தது. முதல் படத்தைக் கொண்டாடுகிறவர்கள் இந்தக் குறையை மூடி மறைக்கத் தேவையில்லை. ஒரு மௌனத்தை உடைத்த படம் இன்னொரு மௌனத்தைக் கண்டுகொள்ளாமல் போயிருக்கிறது.

7

கொலம்பியா கம்பெனி படத்தை வாங்கவில்லை. முடிவை மாற்றச் சொன்னவர்களும் உண்டு. பென் பிழைத்தால் வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். இவர்கள் மாற்றவில்லை. கடைசியில் வால்டர் ரீட் என்ற விநியோக நிறுவனம் எடுத்துக்கொண்டது. 1968 அக்டோபர் 1 அன்று பிட்ஸ்பர்க்கில் முதல் காட்சி. வயதுவாரியாகத் தரம் பிரிக்கும் முறை அமெரிக்காவில் அதே ஆண்டு நவம்பரில்தான் வந்தது. அதனால் பகல் காட்சிகளுக்குச் சின்னப் பிள்ளைகள் கூட்டமாகப் போய் உட்கார்ந்து அழுதன. ரோஜர் ஈபர்ட் அந்தக் காட்சியை 1969ல் எழுதினார். 1970ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் திரையிட்டது. 1999ல் அமெரிக்க நூலகக் காங்கிரஸ் தேசியத் திரைப்படப் பட்டியலில் சேர்த்தது. போட்ட பணத்தைப் போலப் பல மடங்கு வசூல்.

ஆனால் எடுத்தவர்களுக்கு வந்தது சொற்பம். காரணம் ஒரே ஒரு வரி. படத்துக்கு அவர்கள் வைத்திருந்த தலைப்பை விநியோகஸ்தர் மாற்றினார். பழைய தலைப்பு அட்டையில் காப்புரிமை அறிவிப்பு இருந்தது. புதிய அட்டையில் அதைப் போட மறந்துவிட்டார்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அறிவிப்பு இல்லாமல் வெளியான படைப்பு பொதுச்சொத்து. ஒரு வரி விட்டுப்போனதால் படம் யாருக்கும் சொந்தமில்லாமல், எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் பிரதி போடலாம், விற்கலாம், தொலைக்காட்சியில் காட்டலாம், வெட்டி ஒட்டலாம். போட்டார்கள், விற்றார்கள், சாயம்கூட அடித்து விற்றார்கள்.

இதைப் பொதுவுடைமை என்று கொண்டாடிவிட முடியுமா? யோசிக்க வேண்டும். சொந்தக்காரன் இல்லாத படம் என்பதால்தான் அது ராத்திரி ராத்திரியாகத் தொலைக்காட்சியில் ஓடியது, மலிவான வீடியோ நாடாவாக மூலைமுடுக்கெல்லாம் போனது. மெதுவாக நடக்கிற, மனிதரைத் தின்கிற, தலையில் அடித்தால் விழுகிற ஸோம்பி எவரும் எடுத்தாளலாம் என்றொரு நாட்டார் மரபாக ஆனதில் இதற்குப் பங்கு உண்டு. சொல்லப்போனால் படத்தில் ‘ஸோம்பி’ என்ற சொல்லே வராது, அது பின்னால் பார்வையாளர்கள் வைத்த பெயர். அதே சமயம் இந்தப் பொதுச்சொத்தில் காசு பார்த்தது பொதுமக்கள் அல்ல. பிரதியெடுத்து விற்ற கம்பெனிகள். பத்துப் பேர் ராத்திரி முழித்துச் செய்த வேலைக்கு வேறு யாரோ வார முடிவில் கூலி எண்ணி வாங்கினார்கள். கங்காணியின் கதைதான்.

8

எலக்ட்ரானிக் கேமரா வந்தபின் இந்தக் கதை வேறொரு கட்டத்துக்குப் போயிற்று. 2008ல் மார்க் பிரைஸ் என்பவர் இங்கிலாந்தில் ‘காலின்’ என்ற ஸோம்பிப் படத்தை எடுத்தார். 2009ல் கான் திரைப்படச் சந்தையில் அது பேசப்பட்டதற்கு முதல் காரணம், செலவு 45 பவுண்ட் என்பதுதான். சாதாரண வீடியோ கேமரா, நண்பர்கள், இணையத்தில் கூப்பிட்டு வந்து சேர்ந்தவர்கள், தங்கள் சாமான்களைத் தாங்களே கொண்டுவந்த ஒப்பனைக் கலைஞர்கள். படத்தில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. கதை ஸோம்பியின் பக்கமிருந்து சொல்லப்படுகிறது. காலின் கடிபட்டு, செத்து, எழுந்து, தெருத்தெருவாக நடக்கிறான். நாமும் அவனோடு நடக்கிறோம். ‘நான் அப்படி ஆகிவிட்டால்’ என்கிற பழைய ஹெய்ட்டிப் பயத்துக்குப் பக்கத்தில் போகிற படம்.

ஆனால் அந்த 45 பவுண்டை உற்றுப் பாருங்கள். அது எதன் விலை? நாடாவும் தின்பண்டமும் போன்றவற்றின் விலை. நடித்தவர்களின், ஒப்பனை போட்டவர்களின், பிணமாகப் படுத்தவர்களின் நாட்கள் அந்தக் கணக்கில் இல்லை. குறைந்த செலவுப் படம் என்று நாம் பெருமையாகச் சொல்வது பல சமயம் கூலி கொடுக்காத படம் என்பதன் இன்னொரு பெயர். ஆசையோடு வந்து செய்தவர்களைக் கரும்புக்காட்டு ஸோம்பியோடு ஒப்பிடுவது அநியாயம், நான் ஒப்பிடவில்லை. வேலை தரும் சந்தோஷம் உண்மையானது. ஆனால் சந்தோஷத்தைக் காட்டிக் கூலியைக் கணக்கில் எழுதாமல் விடுகிற பழக்கத்தை விளம்பரக்காரர்கள் ‘அதிசயம்’ என்று விற்கும்போது, நாமும் சேர்ந்து கைதட்டக் கூடாது.

இந்த இடத்தில் 2017ல் வந்த ‘ஒன் கட் ஆஃப் த டெட்’ என்ற ஜப்பானியப் படத்தைச் சொல்ல வேண்டும். ஷினிச்சிரோ உவேதா இயக்கியது, சுமார் 30 லட்சம் யென் செலவு, பெயர் தெரியாத நடிகர்கள். முதல் 37 நிமிடம் வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டத்தில் போகிற மட்டமான ஸோம்பிப் படம். வசனம் தடுமாறுகிறது, நடிப்பவர்கள் காரணமில்லாமல் நின்றுவிடுகிறார்கள், கேமரா கீழே விழுகிறது. ‘என்ன எழவுடா இது’ என்று எழுந்து போகத் தோன்றும். போகாமல் உட்கார்ந்தால், அந்த 37 நிமிடம் எப்படி எடுக்கப்பட்டது என்பதை மீதிப் படம் காட்டுகிறது. ஒவ்வொரு தடுமாற்றத்துக்குப் பின்னாலும் ஒருவர் மூச்சிரைக்க ஓடியிருக்கிறார், ஒருவர் மற்றவரைத் தாங்கியிருக்கிறார். உயரத்திலிருந்து எடுக்க வேண்டிய கடைசிக் காட்சிக்குப் பாரந்தூக்கி உடைந்துபோக, எல்லோரும் முதுகின் மேல் முதுகாக ஏறி மனிதக் கோபுரமாக நிற்கிறார்கள். நாம் பிழை என்று சிரித்ததெல்லாம் உழைப்பு. மறைந்திருந்த உழைப்பைத் திரைக்குக் கொண்டுவந்து, அதையே சிரிப்பாகவும் கண்ணீராகவும் ஆக்கிய படம் அது. இரண்டே தியேட்டரில் தொடங்கி ஜப்பானில் 300 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது.

9

ஏழைப் படம் என்பதாலேயே ஒரு படம் நம் பக்கம் வந்துவிடாது. பணமின்மை ஓர் அழகியலைத் தரலாம். அரசியலைத் தராது. 1967ல் பிட்ஸ்பர்க்காரர்களுக்கு அரசியல் வந்தது வேறு வழியில். முடிவை மாற்றினால் காசு என்றபோது மாற்றாமல் இருந்தது ஒன்று. தனக்கு எழுதித் தந்த பேச்சைப் பேசமாட்டேன் என்று ஒரு நடிகர் திருத்தியது இன்னொன்று. இரண்டுமே மறுப்புகள். ஸோம்பிக்கு இல்லாதது அதுதான்.

ஊர்களில் படம் போட்டுக் காட்டுகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் படத்தைப் போட்டால், பென் சுடப்பட்டு விழுந்ததும் படம் முடிந்துவிட்டதென்று விளக்கைப் போட்டுவிடாதீர்கள். பெயர்களோடு அந்தப் புகைப்படங்கள் ஓடும். கூட்டம் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டிருக்கும். உட்காரச் சொல்லுங்கள். கொக்கியோடு வருகிறவர்களின் முகங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த முகங்களில் வெறி இருக்காது, பயம் இருக்காது. வேலை முடிந்த களைப்பு மட்டும் இருக்கும். அவர்களுக்கு இன்னும் நாக்கில் உப்புப் படவில்லை.